தலைவரம்மாவும் நான் தின்ற சீட்டும்

காகிதத்துக்கு ருசி கிடையாது என்று சொல்பவர்கள் காகிதம் தின்னாதவர்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு லேசாகக் கஞ்சிப் பசை. அதற்கப்புறம் நாக்கின் அடியில் இங்க் ஊறி, ஆணியைச் சப்பிய மாதிரி ஒரு துவர்ப்பு. விழுங்கும்போது தொண்டையில் குறுக்கே நின்றுகொள்ளும். தண்ணீர் வேண்டும்.

நான் தின்றது ஒரு தேர்தல் சீட்டு. ஓலைக் கூரை போட்ட பள்ளிக்கூடத்தில், சுமார் நூறு பேர் முன்னிலையில், முகத்தைத் துடைப்பது போல கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தின்றேன். ஆடுகளை விட்டுவிட்டால், இந்தப் பக்கத்தில் சர்க்கார் காகிதத்தைத் தின்ற ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன்.

போன வாரம் என்னுடைய வீரதீரங்களை எழுதியிருந்தேன் அல்லவா? படித்துவிட்டு என் மனைவி, "சீட்டு தின்ன கதைய எழுதாம இன்னா வீரம்?" என்று கேட்டாள். சரி, எழுதிவிடுகிறேன். இப்போது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைம் கீப்பர். சர்க்கார் என் வேலையைப் பிடுங்க முடியாது.

நாலுக்கு நாலு

அறுபதுகளின் நடுவில் எப்போதோ. நான் அந்தப் பக்கத்துப் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. திருவாலங்காட்டில் நெல் வயலுக்கு நடுவே வளர்ந்தவன். வேலை கிடைத்து மூன்று மாதம். அந்த வேலையைச் சொல்லித்தான் என் அக்காவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். "தம்பி கவர்ன்மென்ட்டு" என்று என் அப்பா சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

ஊரின் உண்மைப் பெயரைச் சொல்ல மாட்டேன். புன்னைமேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எளாவூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழவேற்காடு ஏரியைப் பார்த்துக் கிழக்கே மூன்று மைல் நடக்க வேண்டும். நடக்க வேண்டும் என்பது மரியாதைக்குச் சொல்வது. சேற்றில் ஒரு காலைப் பிடுங்கி இன்னொரு காலை நட வேண்டும். நாற்று நடுவதற்கும் அந்த ஊருக்குப் போவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அப்போது அங்கே தலைவரை ஊர் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஜெயித்து வந்த உறுப்பினர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். புன்னைமேட்டில் எட்டு உறுப்பினர்கள். போட்டியிட்டவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் ஏழுமலை. சொந்தமாக மூன்று படகு. மீசை மட்டும் தனியாக ஒரு படகு அகலம் இருக்கும். இன்னொருவர் அவருடைய தம்பி மனைவி தேசம்மாள். தலையில் மீன்கூடை சுமந்து, விடியற்காலை ரயிலில் போய் விற்றுவிட்டு வருகிறவர். அந்த மூன்று மைல் சேற்றில் கால் வழுக்கினால் ரயில் போய்விடும். ரயில் போனால் மீன் போய்விடும். ரோடு வேண்டும். ஆண்கள் பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர் நின்றார்.

என்னை அழைத்துப் போன விரிவாக்க அலுவலர், பொடி போடுகிற, எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். ஓட்டுகளை எண்ணினார். நாலு. நாலு. மறுபடி எண்ணினார். அதே நாலு. அதே நாலு.

"சமமா வந்தா சீட்டுக் குலுக்கல்தான்" என்று அறிவித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு துண்டுல ரெண்டு பேரையும் எழுதுய்யா."

எம். ஏ. பரீட்சையா எழுதச் சொன்னார்? இரண்டு பெயர். அவ்வளவுதான். அதில்தான் நான் தவறினேன்.

பேனா, கறை, கை

மேஜைக்கு ஒரு பக்கம் ஏழுமலையின் ஆட்கள். மறுபக்கம் மீன்காரப் பெண்கள். எனக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில், தேசம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். எல்லார் கண்ணும் என் பேனா முனையில்.

'தேசம்மாள்' என்று எழுதினேன். கடைசி எழுத்துக்கு வரும்போது பேனா கக்கியது. எட்டணா அகலத்துக்கு நீலக் கறை.

"கறை பட்டுட்சி! அடையாளம்! இது செல்லாது!" என்று யாரோ கத்தினார்.

பதறிப்போய் வேறு துண்டு கிழித்தேன். 'தேசம்மாள்' என்று அச்சடித்த மாதிரி எழுதினேன். கறை பட்டதைக் கசக்கிப் போட வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அந்தச் சமயத்தில் என் தோளில் ஒரு கை விழுந்தது. உலக்கை விழுந்த மாதிரி இருந்தது. ஏழுமலை.

"தம்பி, கை இன்னா இப்படி ஆடுது? ஜுரமா? எழுதிட்டியா இல்லியா?"

"எழுதிட்டேன் சார், எழுதிட்டேன்!"

மேஜையில் இரண்டு துண்டு இருந்தது. இரண்டு பேர், இரண்டு துண்டு, கணக்கு சரி என்று என் மூளை சொல்லியது. மடித்தேன். பித்தளைச் சொம்பில் போட்டேன். குலுக்கினேன். குலுக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் ஆடிய ஆட்டத்தில் சொம்பு தானாகக் குலுங்கியது.

அலுவலர் கையை விட்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார். "தேசம்மாள்" என்று படித்தார்.

பெண்கள் பக்கம் எழுந்த சத்தத்தில் கூரை ஓலையிலிருந்து பல்லி ஒன்று விழுந்தது. நானும் சிரித்தேன். சிரித்தபடியே சொம்புக்குள் பார்த்தேன். மடிப்பையும் மீறி, மிச்சச் சீட்டின் முதுகில் நீலக் கறை ஊறித் தெரிந்தது.

ஒருவர் உயிர் பிரிவதை அவரே பார்ப்பது எப்படி என்று கேட்டால் நான் விவரமாகச் சொல்வேன்.

எடுக்காத சீட்டு

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை அந்த ஊர்க்காரர்கள் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். சீட்டு விழுந்தவனுக்கு இடம். அண்ணன், மச்சான், பணக்காரன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. விழுந்த பிறகு ஒருவரும் மூச்சு விட மாட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. எடுத்த சீட்டைப் படித்த பிறகு, எடுக்காத சீட்டையும் எல்லார் முன்னிலையிலும் பிரித்துக் காட்ட வேண்டும்.

இந்த நிபந்தனை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு லீவு போட்டிருப்பேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "அந்த சீட்டையும் பிரிச்சிக் காட்டுப்பா. அதான் மொற."

ஜெயில், அக்காவின் கல்யாணம், அப்பாவின் குரல் எல்லாம் ஒரே நொடியில் வந்து போயின. எட்டு உறுப்பினர்கள், நாலு நாலு என்று பிரிந்தவர்கள், என்னை அடிக்கும் விஷயத்தில் ஒருமனதாக இருப்பார்கள் என்பதும் தோன்றியது. சொம்பிலிருந்து சீட்டை எடுப்பதும், கைக்குட்டையால் முகம் துடைப்பதும், வாய் திறப்பதும் ஒரே அசைவில் நடந்தன. அப்படி ஒரு லாகவம் என்னிடம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வாயை மூடிய பிறகுதான் அடுத்த பிரச்சினை உறைத்தது. சொம்பு காலி. பெரியவர் மேஜையை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்.

அப்போது தேசம்மாள் கை நீட்டிச் சொம்பை எடுத்தார்.

"இன்னா பெரியவரே, தோத்தது எங்க மாமா. அவரு பேர சபையில வேற படிச்சிக் காட்டணுமா? ஒரே ஊட்டு மனுசங்க நாங்க. அந்த அவமானம் எனக்கு வேணாம்." பக்கத்துப் பானையிலிருந்து சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டார். "மாமா, வாங்க, மொதல்ல நீங்க குடிங்க."

ஏழுமலை குடித்தார். வேறென்ன செய்வார்? தேசம்மாளும் குடித்தார். பெரியவர் பின்வரிசைக்கே திரும்பினார். பிறகு சொம்பு என் முன்னால் வந்தது.

"நீயும் குடி தம்பி. தொண்டையில இன்னாமோ மாட்டிக்கினு கீது போல."

குடித்தேன். சீட்டு இறங்கியது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ராணி என்றால்

ராணி என்றால் எனக்குத் தெரிந்தது சலூன் காலண்டர். வெள்ளைக் குதிரை, கையில் வாள், கிரீடத்துக்குக் கீழே கொஞ்சமும் கலையாத தலைமுடி. அரசாளும் பெண் என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று நம்பியிருந்தேன்.

எங்கள் தலைவரம்மா விடியற்காலை ரயிலில் போய் மீனை விற்றுவிட்டு, காலிக்கூடையோடு யூனியன் ஆபீஸுக்கு வருவார். கூடையை வாசல் வேப்பமரத்தடியில் கவிழ்ப்பார். குழாயில் கை கால் கழுவுவார். ஈரக்கையைக் கொண்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். அவருக்கு முன்னால் மீன் வாசனை வரும். அதிகாரிகள் எழுந்துவிடுவார்கள். மரியாதையாலா, வாசனையாலா என்பது இன்றுவரை தெரியாது. அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்காருவார்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு டெல்லியிலும் ஒரு அம்மா நாட்டை ஆள வந்தார். புன்னைமேட்டுப் பெண்கள் அதை அதிசயமாகவே நினைக்கவில்லை. "நம்ம ஊரப் பாத்து அவங்களும் வெச்சிக்கினாங்க" என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்கு அவர் வைத்த பெயர் 'சீட்டுத் தம்பி'. ஆபீஸில் அத்தனை பேர் இருக்க, வாசலிலிருந்தே குரல் வரும்.

"சீட்டுத் தம்பி கீதா?"

நான் பேனாவை மூடிவிட்டு எழுந்து நிற்பேன்.

"இன்னா தம்பி, நாஷ்டா ஆச்சா? இன்னா துன்ன?"

"இட்லிம்மா."

"இட்லிதானே? சரி, சரி. எங்க ரோடு பேப்பர் எங்க கீது?"

அன்று மாலைக்குள் ரோடு பேப்பர் நாலு மேஜை தாண்டியிருக்கும். ஓடி ஓடிக் கையெழுத்து வாங்குவேன். இன்ஜினியர் சாப்பிடப் போனால் அவர் வீட்டு வாசலில் நிற்பேன். என் மேலதிகாரி என்னைப் பற்றி 'சுறுசுறுப்பு' என்று ரிப்போர்ட் எழுதினார். பயத்துக்கு அதிகாரிகள் வைக்கும் பெயர் அது.

ரோடு வந்தது. அடுத்த வருஷம் நல்ல தண்ணீர்க் கிணறு. அதற்கடுத்து மின்சாரக் கம்பம். மற்ற பஞ்சாயத்துகளின் காகிதம் தூசு படிந்து கிடக்கும்போது புன்னைமேட்டின் காகிதம் மட்டும் ரேக்ளா மாடு மாதிரி ஓடியது. என்னைப் பிடியில் வைத்திருக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் நான் போனேன். அவர் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவே இல்லை.

தடா வரை ஒரு பயணம்

தலைவரம்மாவாவது பரவாயில்லை. ஏழுமலையைப் பார்த்தால்தான் ஓட்டம் பிடிப்பேன். அந்த மனிதரின் நாற்காலியை அல்லவா நான் ஜீரணித்துவிட்டேன்!

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அவரைக் கண்டால் பால் கேன்களுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவேன். ஒரு முறை எளாவூர் செக்போஸ்ட்டில் எதிரே வந்துவிட்டார். "தம்பி! ஏ தம்பி! நில்லுப்பா!" என்று கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கையில் என்னவோ கனமாகத் தொங்கியது. கல்லா, கடப்பாரையா என்று பார்க்க நான் நிற்கவில்லை. வரிசையில் நின்ற லாரி ஒன்றின் பின்பக்கம் ஏறி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டேன்.

லாரி கிளம்பியது. அது கல்கத்தா லாரி. ஆந்திர எல்லைக்குள் தடா தாண்டும்போதுதான் தட்டித் தட்டி நிறுத்தினேன். டிரைவர் இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நைனா, ஆபீஸர் மாதிரி கீறே, மூட்ட நடுவுல இன்னா பண்ற?"

"தணிக்கை" என்றேன். அந்தச் சமயத்தில் வாயில் வந்தது அதுதான்.

ஆந்திராவிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். இப்படியே ஓடினால் ஒரு நாள் கல்கத்தாவுக்கே போய்விடுவேன்.

ஒரே ஒரு முறை தைரியம்

எழுபது பிறக்கிற சமயம். அடுத்த தேர்தல் பேச்சு எழுந்தது. தேசம்மாள் மறுபடி நிற்கிறார் என்றார்கள். ஏழுமலையும் நிற்கப் போவதாகப் பேச்சு.

அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருந்தன. இனி அந்தச் சம்பந்தம் முறியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புன்னைமேட்டுக்குக் கிளம்பினேன். எளாவூரிலிருந்து மூன்று மைலும் சரளைக்கல் ரோடு. என் பயத்தால் போட்ட ரோடு. காலில் சேறு ஒட்டவில்லை. அதனாலேயே சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டேன், யோசிக்க நேரமே கிடைக்கவில்லை.

தேசம்மாள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. இன்னா மூஞ்சி இப்படி கீது? எதனா துன்னுட்டியா?"

"அம்மா, இனிமே என்னால முடியாது. அன்னிக்கு நடந்தத ஏழுமலை சார்கிட்ட சொல்லிடப் போறேன். வேலை போனா போவட்டும். உங்களுக்கும் பேஜாருதான். மன்னிச்சிடுங்க. நீங்க நல்லாத்தான் ஆண்டீங்க. ஆனா அந்த நாற்காலி..."

அவர் இறாலைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாமா! இங்க கொஞ்சம் வாங்க. சீட்டுத் தம்பி உங்கள்ட்ட இன்னாமோ சொல்லணுமாம்!"

மீசை முதலில் வந்தது. பின்னால் ஏழுமலை வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விடாமல் சொன்னேன். பேனா, கறை, அவர் வைத்த கை, சொம்பு, கைக்குட்டை, தொண்டை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு அடிக்காகக் காத்திருந்தேன்.

அடி வரவில்லை. கண்ணைத் திறந்தேன்.

"இத்த சொல்றதுக்கா அஞ்சு வருசம்?" என்றார் ஏழுமலை. "மின்கம்பம் நட்டப்போ நீதான் அலஞ்சேன்னு உனுக்கு ரெண்டு மடவ மீன் குடுக்கலாம்னு செக்போஸ்ட்டு கிட்ட தொரத்திக்கினு வந்தேன். நீ லாரி ஏறிப் பூட்ட. மீனு நாறிப்போச்சி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தேசம்மாளைப் பார்த்தேன்.

"உனுக்கு எதிர்லதானே நின்னுக்கினு இருந்தேன்?" என்றார். "எழுத்து கூட்டிப் படிக்கத் தெரியும் எனுக்கு. என் பேரு ரெண்டு தபா போச்சி. கறை பட்டத கெடாசிட்டு நீ மாமா பேர எழுதுவேன்னு பாத்தேன். ரெண்டையும் சொம்புல போட்டுட்ட. சொல்லலாம்னு வாயத் தொறக்கறேன், அதுக்குள்ள உங்க சாரு எடுத்துப் படிச்சிட்டாரு. அங்க சொல்லியிருந்தா உன்ன முழுசா அனுப்பியிருப்பாங்களா?"

"அதனால விட்டுட்டீங்களா?"

"எப்படி விடுவேன்? அது மாமாவோட பங்கு. அன்னிக்கு சாயந்தரமே அதே சொம்ப எடுத்துக்கினு மாமா ஊட்டுக்குப் போனேன். மாமா, பகல்ல போட்டது சீட்டு இல்ல, இப்ப போடலாம், நீங்களே எடுங்கன்னு சொன்னேன். என் கையாலயே ரெண்டு பேரையும் எழுதினேன்."

"எடுத்தேன்" என்றார் ஏழுமலை. "அவ பேரே வந்திச்சி. மிச்சத்தயும் பிரிச்சிப் பாத்தேன். என் பேரு இருந்திச்சி. அப்புறம் பேசறதுக்கு இன்னா கீது? விழுந்தது விழுந்ததுதான்." மீசையைத் தடவிக்கொண்டார். "பத்து நாளு சோறு எறங்கல. அது வேற."

"உங்க பேரு வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"மறுநாளு மொத ரயில்ல வந்து ராஜினாமா குடுத்திருப்பேன்" என்றார் தேசம்மாள். "அதுக்குன்னு பொடவகூட தோச்சிக் காய வெச்சிட்டேன். உன் பேரு வெளிய வராத மாதிரி எதனா ஒரு காரணம் சொல்லியிருப்பேன்."

எனக்கு அழுகை வந்தது. அது அடங்கியதும் கோபம் வந்தது. "அன்னிக்கே முடிஞ்சிபோன விஷயமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அஞ்சு வருஷம்மா! நான் தூங்கல!"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்." அவர் மறுபடி இறாலைக் கையில் எடுத்தார். "ரோடு பாக்கி இருந்திச்சி. ரோடு முடிஞ்சதும் சொல்லிடலாம்னு பாத்தா, கெணறு வந்திச்சி. அப்புறம் லைட்டு. நீ பயந்துக்கினு ஓடற ஓட்டத்துக்கு ஊருக்கு வேல நடக்குது. நானே எப்படிப்பா கெடுத்துக்குவேன்?"

ஏழுமலை தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாள் இல்லை, குதிரை இல்லை. ஒரு பயந்தாங்கொள்ளிக் குமாஸ்தாவை வைத்து ஐந்து வருஷம் ராஜ்யம் நடத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு நடந்த தேர்தலிலும் அவரே ஜெயித்தார், ஐந்துக்கு மூன்று. சீட்டுக்கு வேலையே இல்லை. எதிர்த்து நின்றவர் வேறொருவர், ஏழுமலை தலைவர் பதவிக்கு நிற்கவில்லை. அந்த ஐந்தில் ஒன்று அவருடையது.

நான் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, சிரித்து ஓய்ந்ததும் தேசம்மாள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்து வந்தார். திறந்ததும் ரோஜாப் பவுடரும் கருவாடும் கலந்த வாசனை. உள்ளே நான்காக மடித்த இரண்டு காகிதத் துண்டுகள்.

"என்னிக்காவது எவனாச்சும் கேட்டா காட்டணும் இல்ல?"

ஒன்றில் 'தேசம்மாள்'. இன்னொன்றில், பென்சிலை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதிய கோணல் எழுத்தில், 'ஏழுமலை'. நான் எழுத மறந்த பெயர். எத்தனையோ இரவு கனவில் எழுதிப் பார்த்த பெயர்.

"அம்மா, இத மட்டும் நான் வெச்சிக்கட்டுமா?"

தேசம்மாள் ஏழுமலையைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். தேசம்மாள் அந்தச் சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து, என் சட்டைப் பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

"வெச்சிக்க தம்பி. துன்னுடாதே."